மூன்று மணி நேரத் தண்ணீர்

ஒத்தப்பனைப்பட்டிச் சங்கையாவின் தோட்டத்துக்கு என்ஜின் வந்து சேர்ந்தது அறுபத்தோராம் வருஷம், தை மாதம். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில் ஒன்பது மைல். அந்த ஒன்பது மைலைக் கடக்க அதற்கு மூன்று நாள் ஆயிற்று. காளிராஜின் பாரவண்டியில் ஏற்றி, இரண்டு ஜோடி மாடு பூட்டி இழுத்தார்கள். முதல் நாள் சாயங்காலமே முன்ஜோடி படுத்துக்கொண்டு, காளிராஜை ஏறிட்டுப் பார்த்து, "ஒன்ன நம்பி வந்தமே" என்று கேட்டதாக அவனே சொல்லியிருக்கிறான். வண்டித்தடம் பதிந்த பள்ளத்தில் அந்த வருஷ மழைத்தண்ணீர் தேங்கி, அதில் கெண்டைமீன் பிடித்தவர்கள் உண்டு. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். மீன் தின்றவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

அது சீமை என்ஜின். கப்பலேறி வந்து, அருப்புக்கோட்டையில் ஒரு பருத்தி அரைவை மில்லில் நாற்பது வருஷம் உழைத்தது. மில்லுக்குக் கரண்டு வந்ததும் அதைக் கொட்டகைக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். பருத்தி போடப் போன சங்கையா அதைப் பார்த்தான். ஆள் உயரத்தில் இரண்டு பக்கமும் இரண்டு இரும்புச் சக்கரம். உச்சியில் பித்தளையில் ஒரு எண்ணெய்க் கிண்ணம். வயிற்றில் வெள்ளைக்கார எழுத்து. எழுத்து வாசிக்கத் தெரியாதவன் அதை விரலால் தடவித் தடவி நின்றான். போட வந்த பருத்தியை மறந்தான். வீட்டுக்கு அவன் கொண்டுவந்தது அந்த எழுத்தின் அழுக்கு மட்டும்தான், விரல் நுனியில். ஒரு மாதம் கழித்து அவன் பெண்டாட்டி மாரிக்கனியின் காதும் கழுத்தும் மூளியாயின, என்ஜின் வந்தது.

வண்டி தோட்டத்துக்குள் நுழைந்தபோது மாரிக்கனி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஏய்யா, எனக்கு இவ மூத்தவளா எளையவளா?"

"இருடி. ஓட்டிக் காமிக்கேன். பெறகு சொல்லு."

அதை ஓட்டுவது லேசில் இல்லை. தலைப்பக்கம் ஒரு இரும்புக் குமிழ். ஊதுவிளக்கைப் பற்றவைத்து, அந்தக் குமிழை இருபது நிமிஷம் காய்ச்ச வேண்டும். அது பழுத்த மிளகாய் நிறத்துக்கு வந்ததும் எண்ணெயைத் திறந்து, சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து, குலதெய்வத்தை நினைத்து ஒரு ஆட்டு ஆட்ட வேண்டும். மனசு இருந்தால் ஓடும். இல்லாவிட்டால் ஆட்டுகிறவனைத் தூக்கி எறியும். அன்றைக்கு அது சங்கையாவை ஒரு தடவை மட்டும் எறிந்தது. எள்ளுக் காட்டில் விழுந்து எழுந்து வந்து மறுபடி ஆட்டினான். டும் என்று ஒரு அடி. கொஞ்சம் யோசனை. மறுபடி டும். அப்புறம் அது நிற்கவில்லை. குழாயில் தண்ணீர் பீறிட்டுத் தொட்டியில் விழுந்தது.

மாரிக்கனி காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "சத்தம் ஆம்பளைச் சத்தம்தேன். அப்பச் சரி" என்றாள்.

மறுநாள் அவளே ஒரு வேலை செய்தாள். அடி உடைந்த மண்கலயம் ஒன்றைக் கொண்டுவந்து புகைக்குழாயின் நுனியில் கவிழ்த்துக் கம்பியால் கட்டினாள். அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் எல்லாரும் செய்கிறதுதான். கலயம் வைத்தால் என்ஜின் சத்தம் கூவலாக மாறி ஊருக்குள் கேட்கும். ஒருவன் கலயம் போல இன்னொருவன் கலயம் கூவாது. வீட்டில் இருக்கிறவள் அடுப்படியில் இருந்தபடியே, நம்ம என்ஜின் ஓடுகிறதா, நின்றுவிட்டதா, கஞ்சி எடுத்துப் போகலாமா என்று தெரிந்துகொள்வாள். ஒத்தப்பனைப்பட்டியில் ஒன்பது என்ஜின் கூவின. எட்டுக்குக் கோழிகள் பழகிவிட்டன. சங்கையாவின் கலயம் கூவினால் மட்டும் சேவல்கள் வாயை மூடிக்கொள்ளும். திருச்சுழி பஸ் டிரைவர் ஒருவர், எதிரே லாரி வருகிறது என்று ஒதுங்கி நின்று, கால்மணி நேரம் காத்திருந்துவிட்டுப் போனார்.

கிணற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்ஜினுக்கு மூன்று வருஷம் முந்தி வெட்டியது. நாற்பது முழம். வெட்டினவன் சங்கையா; கல்லும் மண்ணும் கூடையில் சுமந்து மேலே ஏற்றினவள் மாரிக்கனி. முப்பத்தெட்டாவது முழத்தில், ஏழு மாத வயிற்றோடு படி ஏறியவள் கூடையோடு உட்கார்ந்தாள். பிள்ளை தங்கவில்லை. அந்த வாரமே ஊற்றுக்கண் திறந்தது. அதற்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளை இல்லை. எழுபத்தொன்றில் ஜனக்கணக்கு எடுக்க வந்த வாத்தியார், பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார்.

"ஒண்ணு" என்றாள் மாரிக்கனி.

"எங்க இருக்குது?"

"தோட்டத்துல."

வாத்தியார் ஒன்று என்று எழுதிக்கொண்டு போனார். சர்க்கார் கணக்கில் அந்தப் பிள்ளை இன்றைக்கும் இருக்கிறது.

எழுபத்து நாலில் ஐப்பசி மழை ஏமாற்றியது. கார்த்திகையும் ஏமாற்றியது. மார்கழியில் மாரிக்கனிக்கு இருமல் கண்டு, தையில் ரத்தம் வந்து, மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தான். அவள் அங்கே படுத்திருந்த இரண்டு மாதத்தில் இங்கே கிணறு கண்ணை மூடிவிட்டது. சங்கையா ஒருதரம் ஊருக்கு வந்து எட்டிப் பார்த்தான். அடியில் ஈரப் பாறையும் ஒரு தவளையும் இருந்தன. தவளையும் போகிற யோசனையில்தான் இருந்தது.

பங்குனியில் டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுக்குக் கூட்டிப் போங்க. ஆசைப்பட்டதைக் குடுங்க" என்றார்.

பஸ்ஸைவிட்டு இறங்கி அவன் தோளைப் பிடித்து நடந்து வருகையில், மூச்சு வாங்க அவள் கேட்டாள். "கெணத்துல தண்ணி?"

"கெடக்கு" என்றான் சங்கையா.

யோசித்துச் சொன்னதல்ல, வாயிலிருந்து விழுந்துவிட்டது. விழுந்ததைக் கேட்டு அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. அந்தத் தெளிவைப் பார்த்தபிறகு அவனால் அந்தச் சொல்லைத் திரும்ப எடுக்க முடியவில்லை.

"காலையில ஓட்டுங்க. சத்தம் கேட்டாப் போதும் எனக்கு" என்றாள்.

மறுநாள் காலை சங்கையா தோட்டத்துக்குப் போய், தண்ணீர் இல்லாத கிணற்றின் மேல் என்ஜினைக் காய்ச்சி ஓட்டினான்.

இதில் இரண்டு சங்கடம் இருந்தது. பாரம் இல்லாமல் வெறுமனே ஓடும் என்ஜின் வாயாடி மாதிரி படபடவென்று கூவும். தண்ணீர் இழுக்கும்போதுதான் பல்லைக் கடித்து நிதானமாகக் கூவும். பதினாலு வருஷம் கேட்ட காதுக்கு வித்தியாசம் தெரியாமல் போகாது. ஆகவே பம்பிலிருந்து பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ஒரு புளியங்கட்டையைச் சக்கரத்தின் மேல் அணைத்து, கட்டையின் நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டான். கட்டை புகைந்தது. என்ஜின் பல்லைக் கடித்தது. கலயம் கனத்துக் கூவியது. அச்சு அசல் தண்ணீர்ச் சத்தம்.

இரண்டாவது சங்கடம் பெரிது. என்ஜின் சூடு தணிய அதன் வயிற்றில் எந்நேரமும் தண்ணீர் இருக்க வேண்டும். கிணறு ஓடின காலத்தில் இறைக்கிற தண்ணீரிலேயே ஒரு கை அதற்குப் போகும். இப்போது சுமந்துதான் ஊற்ற வேண்டும். தண்ணீர் இறைக்கிற என்ஜினுக்குத் தண்ணீர் சுமந்த சம்சாரி, கன்னியாகுமரி முதல் காசி வரை, சங்கையா ஒருத்தன்தான்.

ஊருணியில் வீட்டுக்கு நாலு குடம் என்று கட்டுப்பாடு. நாலையும் அவன் தோட்டத்துப் பக்கம் காவடி கட்டித் தூக்குவதை அழகுத்தாய் பார்த்தாள். மாரிக்கனியின் அண்ணன் இருளப்பசாமியின் பெண்டாட்டி. பகலில் மாரிக்கனிக்குத் துணை இருக்கிறவளும் அவள்தான்.

"ஏண்ணே, குடிக்கிற தண்ணிய எங்க கொண்டு போறீக? சீக்காளி வீட்டுல தொண்டைக்குத் தண்ணி இல்ல. மிளகாச் செடிக்கு ஊத்தப் போறீகளோ?"

"ஒரு சோலியா போறேம்மா."

"அப்படி என்ன சோலி, ஊருக்குத் தெரியாத சோலி?"

அவள் வீட்டில் போய்ச் சொல்ல, இருளப்பசாமி சாட்டைக் கம்போடு கிளம்பித் தோட்டத்துக்கு வந்தான். வந்தவன் வரப்பிலேயே நின்றுவிட்டான். பம்பு சும்மா கிடக்கிறது. தொட்டியில் ஓணான் படுத்திருக்கிறது. என்ஜின் புளியங்கட்டையை மென்றுகொண்டிருக்கிறது. அதன் வாயில் ஊருணித் தண்ணீரைக் குடம் குடமாகச் சாய்த்துக்கொண்டிருக்கிறான் மாப்பிள்ளை.

"ஏ மாப்ள, மாட்டுக்குத் தண்ணி காட்டுனவனப் பாத்திருக்கேன், கழுதைக்குக் காட்டுனவனயும் பாத்திருக்கேன். ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சாலே?"

"அவகிட்ட கெடக்குன்னு சொல்லிட்டேன் மச்சான்."

"என்னது கெடக்குன்னு?"

"தண்ணி."

இருளப்பசாமி சாட்டைக் கம்பை வேலியில் சொருகினான். காலிக் குடம் இரண்டை எடுத்துக்கொண்டு நடந்தான்.

"எங்க மச்சான் போறீக?"

"ஒனக்குப் பொண்டாட்டின்னா எனக்குத் தங்கச்சி இல்லையாலே? வாரேன் இரு."

மறுநாளிலிருந்து அழகுத்தாய் வீட்டுப் பங்கில் இரண்டு குடம் தோட்டத்துக்கு வந்தது. அது போதாது. "ஏண்ணே, அரிசி கழுவுன தண்ணி அது குடிக்குமா?" என்று கேட்டாள். "குடிக்கும்" என்றான் சங்கையா. நாலு வீட்டுக் கழனித் தண்ணீர் வந்தது. ஒரு வாரத்தில் என்ஜின் ஆவி விட்டால் சோற்று மணம் அடித்தது. பசித்த ஆடுகள் அதைச் சுற்றிப் படுத்துக்கொண்டன. எண்ணெய்க்காக உழவு மாடுகள் இரண்டும் காரியாபட்டிச் சந்தைக்குப் போயின. உழ மழை இல்லாத வருஷத்தில் மாடு எதற்கு என்று சொல்லிக்கொண்டான். சொல்லிவிட்டு, மாட்டுக் காடியில் வைக்கோல் போடப் போய்த் திரும்பி வந்தான்.

தினமும் என்ஜினை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வருவான். மாரிக்கனி கட்டிலில் கூரையைப் பார்த்துப் படுத்திருப்பாள்.

"மிளகா பூ வச்சிருச்சா?"

"வச்சிருச்சு."

"வெங்காயம்?"

"தாள் ஒரு முழம் நிக்குது. ஆள் உள்ள போனா தெரியாது."

"ஆளு தெரியாம போற வெங்காயமா?" என்று சிரிப்பாள். சிரித்தால் இருமல் வரும். அதனால் அவன் சிரிக்க வைக்காமல் பொய் சொல்லப் பழகினான். ஒருநாள் அவள், "இன்னைக்குக் கொஞ்சம் கூட ஓடுச்சு போல" என்றாள். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாள் இரண்டு மணி நேரம் ஓட்டினான். அடுத்த வாரம் இரண்டரை. பங்குனி கடைசியில், கட்டை தேயத் தேய மாற்றிப் போட்டு, மூன்று மணி நேரம் ஓட்டினான். அவளுக்குக் கொடுக்க அவனிடம் வேறு எதுவும் இல்லை, சத்தம்தான் இருந்தது. அதை அள்ளி அள்ளிக் கொடுத்தான்.

ஊருக்குள் இருளப்பசாமி பெண்களிடம் சொல்லி வைத்திருந்தான். "யாரும் வாயத் தொறக்கக் கூடாது. அவ இருக்கிற வரைக்குந்தேன் அது ஓடும். நின்னுச்சுன்னா அவ போயிட்டான்னு அர்த்தம்." அவர்களும் மூச்சு விடவில்லை. ஒத்தப்பனைப்பட்டியில் ஒரு ரகசியம் முப்பத்தாறு நாள் தங்கியது அந்த ஒரு தடவைதான்.

சித்திரை எட்டாம் தேதி ஊருணி தரை தட்டியது. கலங்கல்கூட இல்லை. சங்கையா என்ஜின் வயிற்றில் முந்தின நாள் மிச்சம் இருக்கும் என்று நம்பி, காய்ச்சி, ஆட்டிவிட்டான். முக்கால் மணி நேரம் ஓடியது. தண்ணீர் இல்லாத வயிறு சிவக்க ஆரம்பித்தது. நிறுத்த வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். அவள் காதைச் சாய்த்துக்கொண்டு கிடப்பாளே என்றும் தெரியும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நின்றான். சட்டென்று பாறைக்கு வெடி வைத்த மாதிரி ஒரு சத்தம். தலை பிளந்து, வெந்த இரும்பு அவன் முழங்கையை உரசிக்கொண்டு போனது. சக்கரங்கள் இரண்டும் தயங்கித் தயங்கி நின்றன.

ஊருக்குள் கூவல் பாதியில் அறுந்தது. அழகுத்தாய் அப்போதுதான் தன் வீட்டு அடுப்பைப் பார்க்க வந்திருந்தாள். கையிலிருந்த அகப்பையைப் போட்டுவிட்டு, வாயில் அடித்துக்கொண்டு ஓடினாள். பின்னாலேயே ஏழெட்டுப் பெண்கள். மாரிக்கனி கண்மூடிக் கிடந்தாள். யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. என்ஜின் சொன்னபிறகு தொட்டு என்ன பார்ப்பது? கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, தோளைக் கட்டி, மாரடித்து ஒப்பாரி எடுத்தார்கள். அந்த ஊரில் அழகுத்தாய் எடுத்தால்தான் ஒப்பாரி. முப்பத்தாறு நாள் அடக்கி வைத்த வாய்.

"கல்லு சுமந்தவளே, கண்ணுறங்கிப் போனியோ
கெணறு வத்திப் போச்சுன்னு ஒனக்குச் சொல்ல மாட்டாம
பொய்யா ஓட்டுனாரே, என் பொறந்தவரு ஓட்டுனாரே
குடிக்கிற தண்ணிய அந்த இரும்புக்கு ஊத்துனாரே"

சங்கையா வெந்த கையோடு ஓடிவந்தவன் தெருமுனையிலேயே ஒப்பாரியைக் கேட்டான். அவனும் நம்பிவிட்டான். வாசலில் பெண்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்க் கட்டில் சட்டத்தில் தலையை மோதி, "ஏமாத்திட்டேன் தாயி, சொட்டுத் தண்ணி இல்ல, முப்பத்தாறு நாளா ஒன்ன ஏமாத்திட்டேன்" என்று கத்தினான்.

மாரிக்கனி கண்ணைத் திறந்தாள்.

ஒப்பாரி அப்படியே நின்றது. ஒருத்தி வெளியே ஓடினாள். அழகுத்தாய் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பாடு மதினி" என்றாள் மாரிக்கனி, மெதுவாக. "நல்லாத்தேன் இருக்கு. ஆனா என்ன, எங்க அண்ணனப் பத்தி ஒரு வரி வரல."

யாருக்கும் சிரிக்கவும் தெரியவில்லை, அழவும் தெரியவில்லை. ஒவ்வொருத்தியாக எழுந்து போனார்கள். சங்கையா தரையில் உட்கார்ந்திருந்தான். தலை நிமிரவில்லை.

"கையைக் காட்டுங்க. வெந்திருச்சா?"

"நீ கேட்டுட்டியே. கேக்கக் கூடாததக் கேட்டுட்டியே."

"இன்னைக்கா கேட்டேன்?" அவள் மூச்சுக்கு நின்று நின்று பேசினாள். "நம்ம கெணறு பங்குனியில எம்புட்டு நேரம் குடுக்கும்?"

"ஒண்ணரை மணி நேரம்."

"கார்த்திகையிலயே அதுக்கு மேல குடுத்ததில்ல. நீங்க மூணு மணி நேரம் ஓட்டுனீக."

இத்தனை நாளும் சங்கையா சத்தத்தின் கனத்தைப் பார்த்தான், கட்டையைப் பார்த்தான், கலயத்தைப் பார்த்தான். நேரத்தைப் பார்க்கவில்லை. பதினேழு வருஷம் அந்தக் கிணற்றின் நாழிகை பார்த்துத்தான் அவனும் உட்கார்ந்து எழுந்தான். அது அவனுக்கு மறந்துபோயிற்று.

"ரெண்டு மணி நேரம் ஓடுன அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கல. நீங்களும் கேட்டீக, ஏன் திங்கலன்னு."

"தெரிஞ்சும் ஏம் சொல்லல?"

"சொன்னா நிப்பாட்டிருவீக. பெறகு ரெண்டு பேரும் என்ன செய்ய? நீங்க என் மொகத்தப் பாத்துக்கிட்டு, நான் கூரையப் பாத்துக்கிட்டு. அங்க இருந்தா ஒரு சோலியாவது இருக்கும் ஒங்களுக்கு." கொஞ்ச நேரம் இளைத்தாள். "என்ஜினு தலை போயிருச்சா?"

"ரெண்டாப் பொளந்திருச்சு."

"பாவம், அதுக்கும் வயசாயிருச்சு. இனிமே போக வேண்டாம். இங்கயே இருங்க."

இருந்தான். மூன்று நாள் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தான். அவள் சொன்னது சரி. அதைப்போலக் கஷ்டமான வேலை அவன் செய்ததில்லை. நாலாம் நாள் காலையில் அவள் போனாள். ஊருக்குத் தெரியவில்லை. சங்கையா எழுந்து போய் அழகுத்தாய் வீட்டு வாசலில் நின்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, பேசாமல் வந்து, கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள். ஒரு வரியும் வரவில்லை. எல்லாவற்றையும் முன்பே பாடித் தீர்த்திருந்தாள். மாரிக்கனியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

நீர்மாலைக்கு எங்கே போவது என்று பேச்சு வந்தது. குளிப்பாட்ட ஒரு குடமாவது வேண்டும். திருச்சுழிக்கு ஆள் அனுப்பலாம் என்றார்கள் சிலர். சங்கையா ஒரு குடத்தையும் ஒரு கொட்டாங்கச்சியையும் எடுத்துக்கொண்டு எழுந்தான். என்ஜினைத் திரும்பிப் பாராமல் கிணற்றுக்குள் இறங்கினான். இருளப்பசாமி குடத்தைக் கயிற்றில் கட்டி இறக்கினான். அடிப்பாறையில், ஊற்றுக்கண் இருந்த இடத்தில், ஒரு கையளவு கசிந்து நின்றது. கொட்டாங்கச்சியால் வழித்து ஊற்றினான். வெறும் பாறை தெரிந்தது. பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். மறுபடி கசிய வெகுநேரம் ஆயிற்று. மறுபடி வழித்தான்.

வெயில் மேற்கே சாய்ந்தது. மேலே சனம் முணுமுணுத்தது. எவனோ ஒருத்தன் விளிம்பில் குனிந்து, "இருட்டுறதுக்குள்ள எடுக்கணும், ஏறச் சொல்லுங்க" என்றான்.

இருளப்பசாமி கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு திரும்பினான்.

"கூடப் பொறந்தவன் நான் அவசரப்படல. ஒனக்கு என்னலே? தள்ளி நில்லு, வெளிச்சத்த மறைக்காத."